மூன்று பவுண்டும் ஒரு பிணையும்

1960களில் இந்தியாவிலிருந்து மேலை நாடுகளுக்குச் சென்றவர்கள் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு தொகை தவறாமல் தலைகாட்டும். சிலர் அதை 3 பவுண்டு என்பர். சிலர் 8 டாலர் என்பர். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்படுவதற்கு முன் 3 பவுண்டு வாங்க 40 ரூபாய் போதும். புறப்படுபவர் கையோடு கொண்டுசெல்ல அரசு இசைந்த அயல்நாட்டுப் பணம் அவ்வளவே. வெறுங்கையோடு போனோம், உழைத்து முன்னேறினோம் என்ற கதைக்கு அதுவே முதல் வரி. அதைச் சொல்லும்போது குரலில் பெருமிதம் தொனிப்பதும் இயல்பு.

அந்தக் கதையை முதல் வரியிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். 40 ரூபாய் என்ற வரம்பு ஏழைக்கென்று விதிக்கப்பட்டதன்று. ஊரில் எவ்வளவு நிலபுலன் இருந்தாலும், தனி அனுமதி பெறாதவருக்கு அதே வரம்புதான். ஆகவே எளிய வருவாயுடைய ஓர் இந்தியர் வெளிநாடு சென்றுவர எப்படி வழிசெய்துகொண்டார் என்று ஆராயப் புகுந்தால், கப்பற்கட்டணமும் தங்கும் செலவும் பாதி விடையையே தரும். மறுபாதி பிணை பற்றியது. போகிறவர் திரும்பி வருவார், போன இடத்தில் எவருக்கும் சுமையாகமாட்டார், குலத்துக்கோ நாட்டுக்கோ தலைகுனிவு தேடித்தரமாட்டார் என்று யாரேனும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்பிணையைக் கேட்கும் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கேட்பது நிற்கவில்லை. கட்டணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவிடலாம். பிணை அப்படிச் சேருவதில்லை.

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்குக் கடவுச்சீட்டும் தேவைப்படவில்லை, விசாவும் தேவைப்படவில்லை. பணம் ஒரு தடையாக இருந்தது உண்மை. மனைவியின் நகைகளை விற்றால் இரண்டு மூவாயிரம் ரூபாய் தேறும் என்று கணக்கிட்டதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எஞ்சியதற்கு அண்ணன் பொறுப்பேற்றார். பயணம் நின்றுபோகும் நிலை வந்ததோ வேறு காரணத்தால். பம்பாயில் கூடிய மோத் வணிகர் சாதிக்கூட்டம் கடல்கடந்து செல்லக் கூடாது என்றது. மீறியவருக்குச் சாதிவிலக்கு, அவருக்கு உதவுபவருக்கும் துறைமுகம் சென்று வழியனுப்புபவருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம். பயணத்துக்கான பணம் மைத்துனர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. விலக்குக்கு அஞ்சி அவர் அதைத் தர மறுத்தார். வேறொருவர் கடன் கொடுத்த பின்னரே கப்பற்சீட்டு வாங்க முடிந்தது. சொந்தக் குடும்பத்தின் பணம், எண்ணி வைத்த பணம், அதே ஊரில் இருந்த பணம். ஆயினும் கைக்கு வரவில்லை. தாயின் நிறைவுக்காகச் சமணத் துறவி ஒருவர் செய்வித்த மூன்று சூளுரைகளையும் (மதுவும் மாதும் புலாலும் தீண்டுவதில்லை என்பவை) இவ்வரிசையிலேயே வைக்க வேண்டும். அவையும் பிணைதான், வீடு கேட்ட பிணை.

லண்டனில் அவர் கைக்கொண்ட சிக்கனம் நன்கறியப்பட்டது. ஒற்றை அறைக்கு மாறினார். பேருந்தைத் தவிர்த்து நடந்தார். காலை உணவைத் தாமே சமைத்தார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னியில் உணவை முடித்தார். பின்னாளில் லண்டன் செல்ல விரும்பும் மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலே எழுதி, வாரம் ஒரு பவுண்டில் அங்கே வாழலாம் எனக் கணக்குப் போட்டுக் காட்டினார். குறைந்த செலவில் அயல்நாட்டு வாழ்க்கை என்ற பொருளில் இந்தியர் எழுதிய முற்பட்ட கையேடுகளுள் அதற்கு ஓர் இடமுண்டு. எந்தச் சிக்கனமும் சாதியின் கணக்கைத் தீர்க்கவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். திரும்பியபின் நாசிக்கில் தீர்த்தமாடி, ராஜ்கோட்டில் சாதியாருக்கு விருந்தளித்த பிறகும் ஒரு பிரிவினர் அவரை ஏற்கவில்லை.

காந்தி பயணம் செய்த அதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் வெளிநாடு சென்றுகொண்டிருந்தனர். அவர்களை யாரும் பயணிகள் என எண்ணுவதில்லை. ஹஜ் யாத்ரிகர்கள் என்று தனியே ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் குறைந்த செலவில் அயல்நாடு செல்வதன் இந்திய வரலாறு பெரும்பங்கு இவர்களுடையது. கப்பலின் தளத்தில் பாய் விரித்து, கொண்டுவந்த அரிசியையும் பருப்பையும் அங்கேயே சமைத்துண்டு ஜித்தா சென்றனர். ஒருவழிக் கட்டணத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டவர் பலர். திரும்பும் செலவை இறைவன் பார்த்துக்கொள்வான். இறைவனோடு பிரிட்டிஷ் அதிகாரிகளும் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. ஜித்தாவில் தங்கிப்போன ஏழை யாத்ரிகர்களைத் திருப்பியனுப்பும் செலவு யாருடையது என்ற வழக்கு அரசுக் கோப்புகளில் பல பத்தாண்டுகள் நீண்டது. 1886இல் அரசு இந்த ஏற்பாடுகளைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஆங்கிலேயச் செல்வர்களை நைல் நதிக்கு அழைத்துச் சென்ற அந்நிறுவனம் சில ஆண்டுகளிலேயே யாத்ரிகர் பணியைக் கைவிட்டது.

எளிய தீர்வு ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது: திரும்புசீட்டும் சேர்த்து வாங்கியவரையே கப்பலேற்றுவது. ஏழையின் சமயக் கடமையில் தலையிடுவதாகும் என்று அஞ்சி இந்திய அரசு நெடுங்காலம் அதைத் தவிர்த்தது. 1920களின் நடுவில்தான் திரும்புசீட்டு, அல்லது அதற்கீடான வைப்புத்தொகை, சட்டமாயிற்று. செலவுக் கணக்கில் இது சிறு மாற்றம் போலத் தோன்றும். முன்பு இரண்டு தவணையாக, இரண்டாம் தவணை எங்கிருந்து வரும் என்று தெரியாமலே, போய்வந்த ஒருவர் இப்போது முழுத்தொகையையும் முன்கூட்டியே வைக்க வேண்டும். பிணை முதன்முறையாகப் பணமாக மாறிய இடங்களுள் இது ஒன்று.

இன்னொன்று பசிபிக் கரையில். 1908இல் கனடா இரு விதிகளை இயற்றியது. சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வர வேண்டும். ஆசியர் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடிக் கப்பலே இல்லாதபோது முதல் விதி என்ன நோக்குடையது என்பது வெளிப்படை. 1914 மே மாதம் வான்கூவர் வந்த கோமகாட்டா மாரு கப்பலின் 376 பயணிகள் இவ்விதிகளின் பேரால் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தப்பட்டனர். மிகச் சிலரைத் தவிர மற்றவர் திருப்பியனுப்பப்பட்டனர். குடிபெயர்ந்தோர் வரலாற்றில் இந்நிகழ்வு பலமுறை பேசப்பட்டுவிட்டது. கையிருப்பைக் காட்டு என்ற நிபந்தனையின் வரலாற்றிலும் அதற்கு முதன்மையான இடம் தர வேண்டும்.

அதே ஆண்டு தொடங்கிய போர் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியது. போர்க்கால ஏற்பாடாக வந்தது போர் முடிந்தும் போகவில்லை. 1920இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் நிலைபெற்றது. தகுதியான கடவுச்சீட்டுக்கு உரியவர் யார், கூலி யார் என்ற பாகுபாடு அந்த ஆவணத்தின் பிறப்பிலேயே கலந்திருந்ததை ராதிகா சிங்காவின் ஆய்வுகள் காட்டுகின்றன. 1922ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம் உடலுழைப்பாளர் வெளியேறுவதைத் தனியே கட்டுப்படுத்தியது.

இக்கால இடைவெளியில்தான் மிதிவண்டிப் பயணிகள் தோன்றினர். 1923 அக்டோபரில் பம்பாய் பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் புறப்பட்டனர். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். கடந்த தொலைவு ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். 1926இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட பிமல் முகர்ஜி வழிநெடுகக் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்து 1937இல் திரும்பினார். ராம்நாத் பிஸ்வாஸ் 1931இல் சிங்கப்பூரிலிருந்து தொடங்கினார். இவர்களை வீரச்செயல் புரிந்தோராக மட்டும் கொண்டாடுவதில் ஓர் இழப்புண்டு. மிதிவண்டி என்பது கட்டணத்தை ஒழிக்கும் கருவி. அதைத் தேர்ந்தவர்கள் நல்ல கணக்காளர்களும் ஆவர். ஆனால் எல்லைச் சாவடியில் மிதிவண்டி உதவாது. அங்கே அவர்களைக் கடத்திவிட்டது பிரிட்டிஷ் பேரரசின் குடிபடைகள் என்று குறித்த கடவுச்சீட்டு. பேரரசை வெறுத்தவரும் பேரரசின் பிணையில்தான் உலகைச் சுற்றினார்.

விடுதலைக்குப் பின் நிலைமை எளிதாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது நேர்மாறு. 1950களில் கடவுச்சீட்டு உரிமையாகக் கருதப்படவில்லை; அரசு விரும்பினால் தரும் சலுகை. விண்ணப்பதாரரைத் தேவையானால் சொந்தச் செலவில் மீட்டு வருவேன் என்று வசதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. கல்வியும் ஆங்கில அறிவும் எடைபோடப்பட்டன. பிரிட்டனுக்குச் செல்லும் உழைப்பாளிகளால் இந்தியாவின் பெயர் கெடும் என்று தூதரக அதிகாரிகள் கவலைப்பட்டதையும், அக்கவலையில் சாதியும் வர்க்கமும் ஒப்பந்தக்கூலி முறையின் நினைவும் பின்னிக் கிடந்ததையும் கலாத்மிகா நடராஜன் விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்றேகால் ரூபாய் அபராதம் விதித்த கூட்டத்தின் மனம் அரசு அலுவலகத்தின் மேசைக்கு இடம்மாறியிருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதன்மேல் வந்து சேர்ந்தது அந்நியச் செலாவணி. நாணயமாற்றுக் கட்டுப்பாடு 1939 செப்டம்பரில் போரோடு வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான எந்திர இறக்குமதி 1956-57இல் கையிருப்பைக் கரைத்தபோது, வேடிக்கை பார்க்க வெளிநாடு செல்வோருக்குச் செலாவணி ஒதுக்குவது நின்றது. உருக்காலைக்கு வேண்டிய பவுண்டை ஒருவர் பாரிஸைப் பார்க்கச் செலவிடுவதா என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அது யாரைத் தடுத்தது என்று பார்ப்பது அவசியம்.

பி படிவம் என்று அழைக்கப்பட்ட ஒரு தாளை இங்கே விளக்க வேண்டும்; இன்றைய மாணவர் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பம்பாயில் ரூபாய் கொடுத்து வாங்கும் விமானச்சீட்டுக்கும் ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். அயல்நாட்டு விமான நிறுவனம் வசூலித்த ரூபாயை இறுதியில் பவுண்டாகவோ டாலராகவோ மாற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுபோகும் என்பது காரணம். ஆகவே ரூபாயில் சேமித்தவரின் சேமிப்பு எவ்வளவு பெரிதாயினும் அது பயணமாகாது. பயணமாக வேண்டுமானால் இரண்டில் ஒன்று தேவை: மேற்படிப்பு, வணிகம், மருத்துவம் போல அரசு ஏற்கும் ஒரு காரணம், அல்லது என் விருந்தினர், செலவு என்னுடையது என்று எழுதிக்கொடுக்க மறுகரையில் ஓர் உறவினர். டாலரில் சம்பாதிக்கும் சகோதரர் அங்கிருந்தே சீட்டு வாங்கி அனுப்பினால் ரிசர்வ் வங்கிக்குக் கவலையில்லை. முதலில் போனவரின் கிளை மட்டும் அடுத்தடுத்துப் போயிற்று. ஒரே சம்பளம் வாங்கிய இரு எழுத்தர்களுள் ஒருவரின் தமக்கை லண்டனில் மருத்துவத் தாதி என்றால் அவருக்கு உலகம் திறந்தது; மற்றவருக்கு மூடியது. நினைவுக் குறிப்புகளின் 3 பவுண்டுக்குப் பின்னால், விமான நிலையத்தில் காத்திருந்த இந்த உறவினர் நிற்கிறார். கதையில் அவருக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்.

உறவினரே தேவைப்படாத எளிய வழிகள் கிழக்கே இருந்தன. சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ராஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டபோது 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்தவர்கள் ஊர்சுற்றப் போனவரல்லர், தோட்டத்துக்கும் கடைக்கும் போனவர்கள். ஹஜ்ஜுக்கும் விலக்கு தொடர்ந்தது. 1959இல் ரிசர்வ் வங்கி யாத்ரிகர்களுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய் மதிப்பில் தனித் தாள்களை அச்சிட்டது; அவற்றின் எண் வரிசை எச், ஏ என்ற எழுத்துகளோடு தொடங்கும். வளைகுடாவில் புழங்கிய சாதாரண இந்திய ரூபாய் தங்கக் கடத்தலுக்குப் பயன்பட்டதால் வந்த ஏற்பாடு அது. ஒரு வகைப் பயணிக்கென்று தனிப் பணமே அச்சடித்த அரசு, மற்றொரு வகைப் பயணி உண்டு என்பதையே ஏற்க மறுத்தது.

கட்டணம், செலாவணி இரண்டையும் ஒருசேர மறுத்துப் புறப்பட்ட இருவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1962 ஜூன் 1 அன்று சதீஷ் குமாரும் இ. பி. மேனனும் டெல்லியில் காந்தி நினைவிடத்திலிருந்து அணுஆயுத எதிர்ப்புப் பயணமாக நடக்கத் தொடங்கினர். பணம் கொண்டுபோகாதீர்கள் என்பது வினோபா அவர்களுக்குச் சொன்ன அறிவுரை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், சோவியத் ஒன்றியம் வழியாக மேற்கு ஐரோப்பா சென்று, 1964 தொடக்கத்தில் வாஷிங்டனை அடைந்தனர். சோறும் கூரையும் வழியோர மக்கள் கொடுத்தது. கடலை நடந்து கடக்க இயலாதாகையால் அட்லாண்டிக்கைத் தாண்டும் கப்பற்சீட்டுக்கு நண்பர்கள் உதவினர். பணமில்லாமல் உலகின் பாதியைக் கடக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. தாளில்லாமல் கடக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

சலுகை உரிமையாக மாறியது 1967 ஏப்ரல் 10இல். சத்வந்த் சிங் சாஹ்னி என்பவரின் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தருமாறு அரசு கேட்ட வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சுப்பா ராவ் மறுநாள் பதவி விலகிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார் என்பது வழக்குக்குத் தொடர்பற்ற, ஆனால் சுவையான செய்தி. சில வாரங்களில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அவ்வுரிமையை மேலும் விரித்தது. சாஹ்னி ஏற்றுமதி இறக்குமதி வணிகர்; மேனகா காந்தி பிரதமராயிருந்தவரின் மருமகள். பிணை கேட்கப்பட்டுத் திரும்பிப்போன கூலித்தொழிலாளி எவரும் இத்தீர்ப்புகளில் மனுதாரராக இல்லை. அவருடைய கடவுச்சீட்டில் 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தையொட்டி, குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு ஏறியது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கும் வருமானவரி கட்டுபவருக்கும் அச்சோதனை இல்லை. கடவுச்சீட்டு எல்லாருக்கும் உரியதான பின்னரும் அதன் ஒரு பக்கத்தில் பழைய பாகுபாடு தங்கிவிட்டது.

இடைவெளிகளில் நழுவிச் சென்றவர்களும் உண்டு. ஒடிசாவில் தலித் குடும்பத்தில் பிறந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகானந்தியா, டெல்லியில் தாம் சந்தித்து மணந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்ணிடம் செல்வதற்காக 1977 ஜனவரியில் பழைய மிதிவண்டி ஒன்றில் புறப்பட்டு, வழியில் உருவப்படம் வரைந்து சோறும் தங்குமிடமும் பெற்று, மே மாத இறுதியில் அந்நாட்டை அடைந்தார். காதல் கதையாக இது உலகெங்கும் பரவியிருக்கிறது. விமானச்சீட்டு எட்டாத ஒருவருக்கு ஆப்கானிஸ்தானும் ஈரானும் திறந்திருந்த தரைவழி எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கும் அது சான்று. இரண்டே ஆண்டுகளில் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைவும் அவ்வழியை மூடின. அதன்பின் இந்தியாவிலிருந்து ஐரோப்பா செல்லும் மலிவான வழி என ஒன்று இல்லை, வானம் மட்டுமே.

1991க்குப் பின் செலாவணிக் கதவு படிப்படியாகத் திறந்தது. 2004இல் தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்பலாம் என்றான வரம்பு, 2015 முதல் 2,50,000 டாலர். 2023-24இல் இத்திட்டத்தின்கீழ் வெளியேறிய 31 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகையில் பாதிக்கு மேல் பயணத்துக்காகச் சென்றது. 8 டாலர் தலைமுறைக்கு இது நம்ப முடியாத எண்.

இந்தப் புதிய காலத்தின் எளிய பயணிகளாக நாடறிந்தவர்கள் கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய கே. ஆர். விஜயனும் மோகனாவும். நாள்தோறும் 300 ரூபாய் ஒதுக்கி வைத்து, குறையும் தொகைக்குக் கடன் வாங்கிப் போய்வந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் கடையின் வருவாயிலிருந்து அதை அடைத்து, மறுபடி கடன் வாங்குவது அவர்கள் முறை. 2007இல் தொடங்கி 2021இல் விஜயன் காலமாவதற்குள் 26 நாடுகள். பணக்கணக்கு எல்லார்க்கும் புரியும். அதனாலேயே அவர்கள் புகழ்பெற்றனர். கவனிக்க வேண்டியது, பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் நிலைத்த கடை. திரும்பி வந்து அதே அடுப்பைப் பற்றவைப்பார்கள் என்பதற்கு அந்தக் கடையைவிட வலுவான சான்று எது? கடன் கொடுத்தவருக்கும் அது பிணை. விசா கொடுத்த தூதரகங்களுக்கும் அதுவே பிணையாகியிருக்க வேண்டும்.

தெருவோரத்தில் தள்ளுவண்டி வைத்து அதே 300 ரூபாயைச் சேர்ப்பவருக்கு அந்தச் சான்று இல்லை. அயல்நாட்டுத் தூதரகங்கள் இன்று கேட்கும் தாள்களை அடுக்கிப் பார்த்தால் பழைய கோப்புகளின் நினைவு வரும்: பல மாத வங்கிக் கணக்கு, வருமானவரி ஆவணம், பணியிடத்திலிருந்து விடுப்புக் கடிதம், திரும்பும் நாள் குறித்த சீட்டு. ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. மறுப்புக்கான அச்சிட்ட படிவத்தில், பொருந்தும் காரணத்தின்மேல் அதிகாரி குறியிடுகிறார். விசாக் காலம் முடியுமுன் நாட்டை விட்டுச் செல்லும் எண்ணம் உமக்கு உண்டா என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது அக்காரணங்களுள் ஒன்று. 1920களில் ஜித்தாவுக்குக் கப்பலேறிய யாத்ரிகர் அதே ஐயத்தைத் திரும்புசீட்டு வாங்கித் தீர்த்துவைத்தார். இன்று அச்சீட்டையும் உடன் இணைத்த பிறகே அந்தப் படிவம் வந்து சேர்கிறது.